யார் ஜாடை

பிரெஞ்சுத் தூதரக அதிகாரி போட்டோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.



போட்டோவில் இருப்பது ஐரேனின் ஓரகத்தி மத்லேனின் மகள் ழானெத். மேஜைக்கு முன்னால் நிற்பது ஐரேன் பெற்ற லூர்துமேரி.

ழானெத் டைபாய்டில் போய் நாற்பது நாள் ஆகிறது. சாவை முனிசிபாலிட்டியில் பதியவில்லை. அவள் பேரில் பிரான்சுக்குப் போகும் காகிதமெல்லாம் தயாராக இருந்தது. பிள்ளைதான் இல்லை.

வினை மாமனார் விதைத்தது. அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரன் ஊரை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்தபோது, பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மனிதர் தன் இரட்டைப் பிள்ளைகளைப் பாகம் பிரித்தார். இளையவன் ழான் எழுதிக் கொடுக்கட்டும், மூத்தவன் ஓகுஸ்தேன் இந்தியனாக இருக்கட்டும். எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் ஒருத்தன் பிழைத்துக்கொள்வானாம். அவ்வளவு கெட்டிக்காரர்.

பன்னிரண்டு வருஷத்தில் மத்லேனின் புருஷன் ழான் பிரான்சில் பட்டாளத்துக்காரன். ஐரேனின் புருஷன் ஓகுஸ்தேன் உள்ளூரில் பூவம் போகும் பஸ்ஸில் கண்டக்டர்.

முகத்தை மட்டும் பாகம் பிரிக்க முடியவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே முகம். ஆளுக்கொன்றாகப் பிறந்த பெண்களுக்கும் அதே முகம். ஒரு வயிற்றில் பிறந்ததுகள்கூட இப்படி இருக்காது என்று ஊரே சொல்லும். ஐரேனும் அதைக் கேட்டுப் பூரித்தவள்தான்.

லூர்துமேரி ழானெத்தாக அங்கே போனால் படிப்பாள், ஆளாவாள் என்று அண்ணனும் தம்பியும் கடிதத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஐரேனை யாரும் கேட்கவில்லை. மத்லேன் மட்டும் வந்து காலில் விழுந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதால் என்னதான் சொல்ல முடியும்?

இன்று ஐரேன் இங்கே வந்திருக்கவே கூடாது. அவள் வராமல் குழந்தை வாசற்படி தாண்ட மாட்டேன் என்றது. அதனால் அம்மாவாக மத்லேன் முன்னால் நிற்க, ஐரேன் பெரியம்மா என்று சொல்லிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள்.

அதிகாரி பேர் கேட்டார். குழந்தை கணீரென்று ழானெத் என்றது. அப்பா பேர் கேட்டதற்கு ழான் என்றது. சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் ஐரேனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

சிரித்தால் அதற்கு இடது கன்னம் மட்டும் குழியும்.

அதிகாரி பேனாவை மூடினார். வெள்ளைக்காரரில்லை, இந்தப் பக்கத்து மனிதர்தான். பிள்ளையைக் கண்டால் ஜாடை பார்க்காமல் இருக்க முடியாது.

"அச்சு அசல் அப்பா முகந்தான். ஆனா சிரிச்சா கண்ணுல உங்க ஜாடையில்ல தெரியுது, பெரியம்மா?"

மத்லேன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்த மாதிரிப் பேச்சைச் சிரித்து மழுப்பிவிடலாம். ஐரேன் சிரிக்க முடியாது. சிரித்தால் அவள் கன்னமும் குழியும்.

"எங்கிட்டேருந்து எப்புடிங்க வரும்? நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. எனக்கும் இந்தப் புள்ளைக்கும் ரத்த சம்பந்தமே கெடையாதுங்க."

அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு அவர் முத்திரையைக் குத்தினார்.

குழந்தையின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அது ஐரேனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லித்தான் அதைக் கூட்டி வந்திருந்தார்கள்.