இருபத்து நாலாவது கட்டம்

ரெனெல் கடிதத்தை நான்காக மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் செருகினாள். இரண்டே வரிதான். "பர்னெல் ஹூக்ஸின் கை மரத்துப்போனதற்குக் காரணம் நான். பயிற்சியிலிருந்து விலகுகிறேன்."

வெளியே காத்திருப்பவர்களின் நாற்காலிகள் பக்கமிருந்து பர்னெல் ஐயாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. போன வாரம் அவருடைய இடது கை பத்து நிமிடம் செத்துக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வாசல்வரை வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மனுஷனுக்குச் சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ.

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் அவள் தெருப் பெண்கள் எல்லாரும் போவது கெளுத்தி மீன் வெட்டும் ஆலைக்கு. ரெனெல் மட்டும் மருந்தாளர் படிப்புக்குப் போனாள். பட்டம் வாங்கியபின் இந்த வெளிநோயாளிப் பிரிவில் ஓராண்டு மேற்பயிற்சி.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களின் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பதுதான் இங்கே அவள் வேலை. எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால், மூன்று மாதம் கழித்து வரலாம். நிற்காவிட்டால் மாத்திரை அளவை மாற்றி, இரண்டே வாரத்தில் திரும்பக் கூப்பிட வேண்டும்.

அப்படி அவளாக அளவு மாற்றும் ஒவ்வொரு தடவைக்கும், சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கட்டத்தில் கோடு விழும். ஜூன் முடிவதற்குள் இருபத்தைந்து கட்டம் நிறையாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

பிப்ரவரியில் ஒன்பதுதான் நிறைந்திருந்தது. "எல்லாரும் கல்லு மாதிரி இருந்தா நான் எப்படிப் பாஸ் பண்றது?" என்று அவள் அலுத்துக்கொண்டபோது, விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்த பர்னெல் ஐயாதான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆறு வருடமாக எண் ஆடாமல் வைத்திருந்தவர்.

இரண்டே வாரத்தில், "உடம்பு என்னமோ மாதிரி இருக்கு, பாத்துடு" என்று அவராகவே வந்து நின்றார். எண் இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து. அவள் அளவைக் கூட்டினாள். மறுபடி இறங்கியது, மறுபடி கூட்டினாள். இப்படி ஏழு முறை. மற்ற நோயாளிகளால் விழுந்த கோடுகளையும் சேர்த்தால் இருபத்து மூன்று.

அவர் உடம்பு கெடக் கெட அவள் தாள் நிறைந்தது. ஒவ்வொரு கோடு போட்டபோதும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது தூங்கவிடாமல் அரிப்பது அந்தச் சந்தோஷம்தான்.

பயிற்சி தருகிற டாக்டர் ஹாலொரன் நேற்று பர்னெல் ஐயாவின் மருத்துவக் கோப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. ஆனா சிலருக்கு இந்த வேலை கைவராது ரெனெல்."

சிலருக்கு என்றால் யாருக்கு, ஆலைத் தெருவிலிருந்து வந்தவர்களுக்கா என்று ரெனெல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"வாங்க ஐயா. கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன? டோமினோ காயை நல்லாத்தான் புடிக்குது. உன் மாமன் லூத்தர் நேத்தும் எங்கிட்டத் தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போனான்."

சட்டைப் பொத்தான்கள் இடம் மாறி விழுந்திருந்தன. அவள் கவனிக்காத மாதிரி ஊசியை எடுத்தாள்.

"மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒரு நாளும் இல்ல."

"வேற புது மருந்து?"

"நீ குடுக்கறதே போதும் தாயி."

"கீரை? மாத்திரை செய்யற வேலையைக் கீரை அப்படியே கவுத்துடும்னு சொல்லியிருக்கேன்ல?"

"எத்தனை தடவைதான் கேப்ப? தொடறதில்லம்மா."

சொட்டு எடுத்து வைத்தாள். கருவி யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. 1.3.

அவள் கண் அந்த எண்ணிலேயே நின்றது. எட்டாவது முறை. சொந்தத் தெருக்காரர். அம்மாவோடு ஆலையில் இருபது வருடம் மீன் வெட்டியவர். அவள் படிக்கப் போன அன்று பேருந்து நிலையம்வரை பெட்டி தூக்கி வந்தவர்.

பர்னெல் ஐயா கழுத்தை நீட்டிச் சுவரைப் பார்த்தார். "என்ன டாக்டரம்மா, பேனா எடுக்கல? இது இருபத்து நாலுல்ல?"

"இனிமே கோடு கிடையாது ஐயா."

கடிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தார்.

"இது என்ன கூத்து?"

"நான் உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டிருக்கேன். இன்னிக்கே ஹாலொரன் மேடம்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பறேன். இனி உங்களை அவங்களே பாத்துக்குவாங்க."

"கிளம்பறியா? எங்க? ஆலைக்கா?"

"ஆலைக்குத்தான். அங்க கைவராதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

பர்னெல் ஐயாவின் முகத்திலிருந்து சிரிப்பு வழித்து எடுத்த மாதிரி போய்விட்டது. அவள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். அவர் எட்டிக் கோட்டைப் பிடித்தார். இடது கை. துணியில் நிற்காமல் விரல்கள் வழுக்கின, மறுபடி பிடித்தார்.

"அவசரப்பட்டுட்டியே கண்ணு... இன்னும் ரெண்டு கட்டம் நிறையட்டும்னுதானே நான் கீரையை நிறுத்தாம இருக்கேன்!"