முருகேஸ்வரி என்றொரு அடுக்கு

"அந்தக் குடிகாரன்கிட்ட மட்டும் போனைக் குடுத்திராத தாயி. பெண்டாட்டியை மண்ணுக்குக் குடுத்துட்டுத் தான் மட்டும் தப்பிச்சவன் அவன்."

செபமாலையம்மாள் அப்படிச் சொல்லிவிட்டு, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உதறினாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தின் கடைசி வாசலில், பட்டப்பகலிலேயே கண் செருகி உட்கார்ந்திருந்தார் சங்கையா.

"மலை சரிஞ்ச அன்னிக்கு ஓடைக் கரையில குடிச்சுட்டுக் கிடந்தான். இப்பவும் மழை பெஞ்சா அங்கதான் போய்க் கிடக்கான். திருந்துற ஜென்மமா அது?"

நிமி வந்த வேலை வேறு.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் பி.எஃப். விவரம் எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆளே ரிட்டயர் ஆகிவிடுவார். அதைத் திருத்தி அடுக்க வேண்டும். எப்படி அடுக்கலாம் என்று, பார்க்கப்போகிறவர்களையே கேட்டுவிடுவதென்று நிமி பீர்மேட்டுக்கு வந்திருந்தாள்.

எல்லார் போனுக்கும் ஒரு லிங்க் போகும்; போன் இல்லாதவர்களுக்கு நிமி தன் போனைக் கொடுப்பாள். தொட்டால் திரையில் சீட்டுகள் வரும். சம்பளம், பிரசவ உதவி, லய ரிப்பேர், ஜீப் நேரம், மண்சரிவு எச்சரிக்கை என்று ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம். எதோடு எது சேருமென்று தோன்றுகிறதோ, அதை விரலால் இழுத்துச் சேர்க்கலாம். சேர்த்த அடுக்குக்கு அவரவரே ஒரு பெயர் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது.

யாரும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக்குள் இருந்துதான் செய்தார்கள். அதனால்தான் வந்த பதில்களை நிமி இரண்டாம் முறையும் திறந்து பார்த்தாள்.

மண்சரிவு எச்சரிக்கைச் சீட்டை அத்தனை பேரும் எதோடும் சேர்க்காமல் தனியே ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு அத்தனை பேரும் ஒரே பெயரை வைத்திருந்தார்கள்.

முருகேஸ்வரி.

ஆபீசிலிருந்து, வெப்சைட் வேலைக்குப் பொறுப்பான ரிஜோ கூப்பிட்டான். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிமி, எல்லாரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்காங்க. அந்தச் சீட்டையே தூக்கிடு."

"தூக்கிட்டா மழைக்காலத்துல இவங்க எச்சரிக்கையை எங்கே போய்த் தேடுவாங்க, சேட்டா? மலை அடியில இருக்கிற லயம் இது. உயிர் விஷயம்."

"அப்ப இன்னிக்குள்ள காரணம் கேட்டுச் சொல்லு. வெப்சைட்ல யாரோ ஒரு முருகேஸ்வரியை வைக்க முடியாது."

நிமி போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு பெரியம்மா, முருகேஸ்வரி?"

செபமாலையம்மாள் எதிர்ச் சரிவைக் காட்டினாள். பச்சைத் தேயிலைக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை, புல்கூட முளைக்காத ஒரு செம்மண் கீற்று.

"சங்கையா பெண்டாட்டி. அங்கதான் இருக்கா. எடுக்கவே முடியல."

செபமாலையம்மாளே தொடர்ந்தாள்.

"மண்ணு இறங்கப் போகுதுன்னா அவ வந்திருவா. வீடு வீடாக் கதவைத் தட்டுவா. திறந்து பாத்தா ஆளு இருக்காது, வாசல்ல சேறு மட்டும் கிடக்கும். நாங்க பிள்ளைகளைத் தூக்கிட்டு சர்ச் மேட்டுக்கு ஓடிருவோம். போன மழையில பின்னாடி அடுப்படி வரிசையே போச்சு. ஒரு கோழி சாகல."

"பேயைப் போயா நம்புறீங்க?"

"ஐயோ, நான் வேதக்காரி. பேய் பிசாசை நம்புவேனா?" சிலுவை போட்டுக்கொண்டாள். "முருகேஸ்வரி பேய் இல்லையே. எங்க லயத்துக்காரி."

"போன்லயே எச்சரிக்கை வந்திரும், பெரியம்மா."

"மழை வந்தா முதல்ல சாகுறது உங்க டவருதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கியது. செம்மண் கீற்று மறைந்தது. எங்கோ ஒரு தகரக் கதவு தடதடத்தது.

லயம் முழுக்கப் பேச்சு நின்றது. ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. ஒரு குழந்தையை யாரோ சட்டென்று இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள்.

மறுபடி தடதடத்தது.

"காத்து," என்றாள் செபமாலையம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கவனிச்சியா தாயி? எல்லார் கதவையும் தட்டுறவ, கட்டினவன் கதவை மட்டும் தட்டினதே இல்ல. செத்தும் மன்னிக்கல, பாத்துக்கோ."

நிமி எழுந்தாள். யார் சொன்னாலும் ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சாராய நெடிக்குத் தயாராகத்தான் கடைசி வீட்டுக்குப் போனாள். ஈரத் துணி வாசனைதான் அடித்தது.

சங்கையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். சீட்டுகளை மளமளவென்று இழுத்துச் சேர்த்தார். கடைசியில் அவரும் மண்சரிவுச் சீட்டைத் தனியே தள்ளினார்.

"இதுக்கும் பேரு வைக்கணுமா தாயி?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க, அண்ணாச்சி."

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்துவிட்டு நீட்டினார்.

எல்லாரும் எழுதியதைத்தான் இவரும் எழுதியிருப்பார் என்று நினைத்து வாங்கினாள் நிமி. திரையில் இருந்தது வேறு.

என் வேலை.

நிமி நிமிர்ந்து பார்த்தாள். சங்கையா செபமாலையம்மாள் இருந்த திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அதை அழிச்சுட்டு அவ பேரையே போட்டிரு தாயி. ஓடைத் தண்ணி கலங்குறதைப் பாத்து ஓடி வந்து தட்டுறது நான்னு தெரிஞ்சா, ஒருத்தரும் கதவைத் திறக்க மாட்டாங்க."