புது மெஷினுக்கு ஒரு வயிறு

ஜில்லென்ற ஜெல்லை என் வயிற்றில் பிதுக்கிவிட்டு, மெஷின் விற்க வந்தவர் பேச ஆரம்பித்தார்.

வாங்குவதற்கு முன் யார் மேலாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியே காத்திருக்கும் நோயாளியைக் கூப்பிட்டுப் படுக்கச் சொல்ல முடியுமா? அண்ணனின் ஸ்கேன் சென்டரில் அதற்கென்றே நேர்ந்துவிடப்பட்டவள் நான்தான். பெயருக்கு டெக்னீஷியன். டாக்டரின் தங்கை என்பதால் எடுபிடியும் நானே.

காலையிலிருந்து கூட்டம், ஒரு வாய் சாப்பிடவில்லை. காலி வயிறென்றால் படம் நன்றாக விழும் என்று விற்க வந்தவருக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குத் தெரிந்த பாடத்தையே எனக்கு நடத்தினார். காதுக்குக் கேட்காத சத்தம் உள்ளே போகிறது. ஒரு சதை முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தில் பட்டுத் திரும்புகிறது. எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறதோ அவ்வளவு ஆழம். திரையில் நீர் சுத்தக் கறுப்பு, கல் வெள்ளை. காற்றிடம் மட்டும் அந்தச் சத்தத்தின் பாச்சா பலிக்காது. குடலில் வாயு இருந்தால் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது.

மேல் வயிற்றில் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வலி எனக்குப் புதிதில்லை.

திரையில் கணையம் பளிச்சென்று விழுந்தது. அதன் தலைப்பகுதியில் ஓரம் கலைந்த ஒரு கட்டி.

நீர்க்கட்டியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது சுத்தக் கறுப்பாக இல்லை.

எத்தனையோ பேருக்கு இதைப் பார்த்துவிட்டு, "டாக்டர் சொல்வார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். இப்போது பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"மெஷின் சரியில்ல தம்பி. படத்துல ஏதோ கோளாறு. எடுத்துட்டுப் போங்க."

விற்க வந்தவரின் முகம் செத்துவிட்டது. சட்டென்று சட்டையைத் தூக்கி, என் வயிற்றில் ஓட்டிய ப்ரோபைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார்.

"நல்லா பாருங்க டாக்டர், எனக்கு அந்த மாதிரி எதுவும் இல்லையே! மெஷின் மேல பழி போடாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ப்ரோபை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மூலையில் பழைய மெஷின் நின்றது. ஆறு மாதத்துக்கு முன் வலி தாங்காமல் இதே கட்டிலில் படுத்தபோது அண்ணன் அதில்தான் பார்த்தான். வாயு மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை.

வெறும் கேஸ்தான், போய் வேலையைப் பார் என்றான்.

மெஷின் சரியில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.