அடுத்த மாடல்

இளவரசனின் செல்போன் மூன்றாம் முறையாக மண்டையைப் போட்டது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிநேகிதன் குருவிடம் ஓடினான்.

“எத்தினி தபாடா ரிப்பேர் பண்ணுவ? புதுசு வாங்கிக்க” என்றான் குரு.

“இன்னா அவசரம்? யூடியூப்ல ஒருத்தன் மூஞ்சி காட்டாம, கரகரன்னு பேசுவான். அடுத்த மாடல் வருதாம். இங்கருந்து போட்டோ எடுத்தா ராஜகிரி கோட்டை உச்சியில நிக்கிறவன் மீசை தெரியுமாம். ரெண்டு வருசமா காத்துக்கினு இருக்கேன்.”

“உன் இஷ்டம்” என்று குரு சரிசெய்து கொடுத்தான்.

வழியில்தான் ஹெல்மெட்டை மறந்தது உறைத்தது. இளவரசன் திரும்பி வந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கென்று ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்தான்.

உள்ளே குரு, மைக்கைப் பிடித்துக்கொண்டு கரகரத்தான்.

“அவசரப்பட்டுப் புதுசு வாங்கிடாதீங்க மக்களே! என் சிநேகிதன் ஒருத்தன் ரெண்டு வருசமா பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்டுறான். அவன்தான் புத்திசாலி!”