நல்ல காசு ஒன்று

பிரசாந்தன் தன் கடை மேசையில் சுண்டிய காசு கணீரென்று ஒலிக்கவில்லை.

"இதுவும் கள்ளக் காசு!"

"பொலிசுக்குப் போங்கோவன்," என்றாள் மனைவி கௌசலா.

"வாயை மூடு."

"கடை அள்ளுப்பட்டுப் போகுது, நீங்கள் என்னை ஏசுறியள்!"

சிகரெட் வாங்கப் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். பிரசாந்தன் காசைக் கைக்குள் பொத்தினான்.

"ஆரோ கள்ளக் காசு அடிச்சு எங்கட தலையிலை கட்டுறான் சேர்," கௌசலா முந்திக்கொண்டாள்.

"அப்பிடியே? ஆளைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவம். நல்ல காசு ஒண்டையும் பக்கத்திலை வையுங்கோ, பாப்பம்."

பிரசாந்தன் மேசை லாச்சியைத் தள்ளி மூடினான். லாச்சி நிறைய நல்ல காசு இருந்தது. எல்லாம் சில்லறைத் தட்டுப்பாட்டுக்கென்று, கடைப் பேரைக் குத்தி, பின்னறையில் அவனே அடித்தவை; கள்ளன் அடித்ததும் அவற்றின் நகலைத்தான்.

அதற்கும் மறியலுக்குள் போடுவார்கள் என்று மனைவிக்கு அவன் சொல்லியிருக்கவில்லை.