போர்வை

செக்காலைப் பகுதி வீட்டு வாசலில், பானெட் திறந்தபடி கார் உறுமிக்கொண்டிருக்கிறது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் புதிதாய்ப் பிறந்த பேத்தியையும் இன்று அழைத்துவர வேண்டும். ஏசியிலோ அனல்தான் வருகிறது. அனுசுயா ஏசிக்கு ஏற்றும் கேஸ் டப்பாவின் குழாயை எஞ்சினருகே செருகி, டப்பாவைக் குலுக்குகிறாள். "வண்டியக் கெடுத்துறாத," என்கிறார், உள்ளே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் கணவர் ஈஸ்வரன். சுள்ளென்ற வெயிலிலும் டப்பா அவள் விரல்களில் ஜில்லென்று ஒட்டுகிறது. குழாயிலுள்ள மீட்டரின் முள் நடுங்கி நடுங்கிப் பச்சைக்கு வருகிறது. குழாயை மூடிவிட்டுக் கணவரின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். பொறுமையிழந்து கதவைத் திறந்தால் குளிர்காற்று முகத்தில் மோதுகிறது. ஈஸ்வரன் கண்மூடிச் சாய்ந்திருக்கிறார். "காத்து வருதான்னு பாக்கச் சொன்னா, தூங்குறீக?" அவர் கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்: "இம்புட்டுக் குளிரைப் பிள்ளை தாங்காது. போர்வை ஒண்ணு எடுத்துட்டு வா." வாய்விட்டுச் சிரித்தபடி அனுசுயா வீட்டுக்குள் ஓடுகிறாள்.