ஆகாயத்தில் கடைசிப் பந்தி

எங்கள் பாகூர் மூலநாதர் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பாரிசில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் மனைவி தையலம்மாளும் விமானத்தில், வாலை ஒட்டிய மலிவு வரிசையில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டு வண்டி முதலில் எங்களிடம்தான் வந்தது. விசேஷம் என்றால் ஊரைச் சாப்பிட வைத்துவிட்டுக் கடைசியில் உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம். "மொதல்ல எல்லாருக்கும் வையும்மா, நாங்க கடைசிப் பந்தி" என்று அனுப்பிவிட்டேன். இப்போது அந்தப் பணிப்பெண் வெறும் வண்டியோடு நிற்கிறாள். "சாரி அங்கிள், பிஸ்கட், ஜூஸ்கூட காலி." தையலம்மாளோ சாப்பாட்டை நம்பி சர்க்கரை மாத்திரையை முன்பே விழுங்கிவிட்டாள். கட்டி எடுத்துவந்த புளிச்சோறு எங்கள் காலடியில்தான், விமானத்தின் அடித்தட்டுச் சாமான் அறையில், பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பணக்கார வரிசையில் கரண்டிகள் கிணுகிணுக்கின்றன. வெண்ணெய் வாசம் மட்டும் டிக்கெட் இல்லாமல் இங்கே வந்து உட்காருகிறது. என் வயிறு உறுமுவதை இன்ஜின் கோளாறென்று நினைத்து விமானி பெல்ட் விளக்கைப் போடுகிறார். "இங்க வந்தும் மிராசு காட்டணுமாய்யா? இன்னா மனுசன்யா நீ!" என்கிறாள் தையலம்மாள். அவள் நெற்றியில் வேர்வை துளிர்க்கிறது. நடுங்கும் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பிடிப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. எதிர் இருக்கையின் வரைபடத் திரையில் குட்டி விமானம் நீலக் கடலின் மேல் நகராமல் நிற்கிறது. பாகூர் ஏரிக்கரையைவிட உயரமான இடத்துக்கு நான் இந்தப் பயணத்துக்கு முன் ஏறியதில்லை.